மல்டிகன் போட்டிக்கு எந்த ரெட்டிகிள்? முதலில் 1 பவரில் வைத்துப் பாருங்கள்

கேள்வியை ஒரு முறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அரிசோனாவில் சாண்ட்லர் பக்கம் இருக்கிறீர்கள். கிரீன் கார்டு வந்தபின் ஏஆர்-15 ரைஃபிள் ஒன்று வாங்கி, உள்ளூரில் நான்கு மல்டிகன் (பல துப்பாக்கிப் போட்டி) மேட்ச் சுட்டாயிற்று. இதுவரை ரெட் டாட்டை (பெரிதாக்காமல், சிவப்புப் புள்ளி ஒன்றை மட்டும் காட்டும் கண்ணாடி) வைத்தே சமாளித்துவிட்டீர்கள். 250, 300 யார்டில் ஸ்டீல் (இரும்புத் தகடு டார்கெட்) வரும்போது தடுமாறுவதால் ஸ்கோப் வாங்கப் போகிறீர்கள். கையில் இரண்டு தேர்வு: 1-6 பவர் (பெரிதாக்கும் மடங்கு), செகண்ட் ஃபோகல் பிளேன் (இது என்ன என்பது கீழே வரும்), தூரத்துக்கு ஒரு கோடு போட்ட பிடிசி ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு) ஒன்று, 1-8 பவர், ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன், கிறிஸ்துமஸ் மரம் மாதிரி கோடும் புள்ளியும் நிறைந்த மில் (ஒரு கோண அளவு) ரெட்டிகிள் இன்னொன்று. விலை ஏறக்குறைய ஒன்றுதான், எதை எடுக்கலாம் என்கிறீர்கள்.

கேட்டது ரெட்டிகிளைப் பற்றி. ஆனால் உள்ளே இருக்கும் கவலை வேறு என்று எனக்குப் படுகிறது. தூரத்து பிளேட்டை அடிக்கப் போய், பக்கத்து அட்டை டார்கெட்டில் இப்போது இருக்கும் வேகத்தைத் தொலைத்துவிடுவோமோ என்ற பயம் அது. நியாயமான பயம். நான் அப்படித்தான் தொலைத்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பதினோரு வருடமாக, வெயில் கொல்லும் ஜூலை, ஆகஸ்ட் தவிர மாதத்துக்கு ஒரு மேட்சாவது சுடுகிறேன், பெரும்பாலும் மேசாவில் ரியோ சலாடோ கிளப்பில். ரிசல்ட் பட்டியலில் நடுவில் வருகிற ஆள். பரிசு வாங்கி மேடை ஏறியவன் இல்லை. இதுவரை நான்கு ஸ்கோப் வாங்கி இரண்டை நஷ்டத்துக்கு விற்றிருக்கிறேன். கீழே எழுதுவதில் பாதி அந்த நஷ்டத்தில் கற்றது. (ஒரு வேடிக்கை: பகலில் நான் வேலை பார்க்கும் சிப் ஃபேக்டரியிலும் 'ரெட்டிகிள்' உண்டு. அங்கே அது வேஃபர் மேல் சர்க்யூட்டை ஒளியால் பதிக்கும் கண்ணாடித் தகடு. இரண்டுமே கண்ணாடியில் கோடு கிழிக்கும் சமாச்சாரம்தான். அங்கே கோடு நானோமீட்டர் கணக்கில் பிசகினால் மேனேஜர் கத்துவார்.)

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எச்-1பி, எஃப்-1 போன்ற நான்-இமிக்ரண்ட் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதை நம்பி இறங்கும் முன் வக்கீலைப் பாருங்கள். "என் நண்பன் வைத்திருக்கிறான், ஒன்றும் ஆகவில்லை" என்பது சட்ட ஆலோசனை ஆகாது. கிரீன் கார்டு வந்துவிட்டதால் உங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மல்டிகன் தெரியாதவர்களுக்கு: ஒரே ஸ்டேஜில் (சுற்றில்) ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் என்று இரண்டோ மூன்றோ மாற்றி மாற்றிச் சுட வேண்டும். டைமர் பீப் அடித்ததும் ஓட்டம் ஆரம்பம், கடைசிக் குண்டோடு நேரம் நிற்கும், விட்டுப்போன டார்கெட்டுக்கு அபராத வினாடிகள் சேரும். 1976-இல் மிசூரி மாநிலம் கொலம்பியாவில் உருவான ஐபிஎஸ்சி என்ற சர்வதேசத் துப்பாக்கிப் போட்டி அமைப்பு, அதன் அமெரிக்கக் கிளையாக 1984-இல் அமைந்த யூஎஸ்பிஎஸ்ஏ, இவை வளர்த்த பிஸ்டல் போட்டியின் பெரிய குடும்பத்தில் இதுவும் ஒன்று.

ரெட்டிகிளுக்கு முன்னால் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று: எந்த டிவிஷன் (எந்தச் சாதனத்துக்கு இடமுண்டு என்ற பிரிவு)? டாக்டிகல் ஆப்டிக்ஸ், பேச்சுவழக்கில் டாக் ஆப்டிக்ஸ், என்றால் ரைஃபிளில் ஒரே ஒரு ஆப்டிக் (குறிபார்க்கும் கண்ணாடி)தான். 5 யார்டு அட்டைக்கும் அதுதான், 400 யார்டு பிளேட்டுக்கும் அதுதான். ஓபன் என்றால் ஸ்கோப்புக்குப் பக்கத்தில் 45 டிகிரி சாய்த்து ஒரு சின்ன ரெட் டாட்டும் பொருத்தலாம். கிட்டத்து வேலையை அது பார்த்துக்கொள்ளும், ஸ்கோப்பில் எந்த ரெட்டிகிள் இருந்தாலும் குடி முழுகாது. லிமிடெட் என்றால் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்கே இடமில்லை, இப்போதைய ரெட் டாட்டே போதும். மேட்சுக்கு மேட்ச் விதி கொஞ்சம் மாறும், பதிவு செய்யும்போதே படித்துவிடுங்கள். நீங்கள் டாக் ஆப்டிக்ஸ் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு மழை நாளில் என் பழைய ஸ்டேஜ் வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தேன். ரைஃபிளில் நான் விட்ட குண்டுகளில் பெரும்பகுதி 25 யார்டுக்குள் இருக்கும் அட்டைகளில்தான் போயிருக்கிறது. தூரத்து ஸ்டீல் ஸ்டேஜுக்கு நான்கோ ஆறோ. சில ஸ்டேஜில் ஒன்றுகூட இல்லை. ஆனால் கடையில் ஸ்கோப் பார்க்கும்போது நாம் என்ன செய்கிறோம்? உடனே பவர் மாற்றும் வளையத்தைக் கடைசி வரை திருகி, பார்க்கிங் லாட்டின் அந்தக் கோடியில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்கிறோம். எட்டு பவரில் கோடெல்லாம் நகைக்கடை எடைத்தராசு மாதிரி துல்லியமாகத் தெரிகிறது, மயங்கிவிடுகிறோம். மேட்சில் பெரும்பாலான நேரம் வளையம் 1-இல் நிற்கப் போகிறது என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

நான் வாங்கிய முதல் நல்ல ஸ்கோப் நீங்கள் சொல்லும் இரண்டாவது ரகம். ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன், மரம். அக்டோபர் மாத மேட்ச், காலை பத்து மணி, வெயில் முதுகுப் பக்கம். முதல் அட்டை ஏழு யார்டில். ரைஃபிளைத் தோளில் ஏற்றிக் கண்ணாடிக்குள் பார்த்தால் நடுவில் ஏதோ மெல்லிய அழுக்கு ஒட்டிய மாதிரி ஒன்று தெரிகிறது. பின்னால் வெளிர்மண் மேடு, முன்னால் பழுப்பு அட்டை, நடுவில் சாம்பல் நிறத்தில் எறும்பு போல ரெட்டிகிள். சிவப்பு விளக்கை முழுசாக வைத்திருந்தேன். அந்த வெயிலில் அது எரிகிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. ஒவ்வொரு அட்டையிலும் "எங்கே, எங்கே" என்று தேடி, பிறகு சுட்டேன். ஒரு அட்டைக்கு அரை வினாடி என்றாலும் பதினாறு அட்டைக்கு எட்டு வினாடி போயிற்று. அந்த ஸ்டேஜில் 300 யார்டு பிளேட் இரண்டையும் முதல் குண்டிலேயே அடித்தேன் என்பது உண்மைதான். அதில் மிச்சமானது நான்கைந்து வினாடி.

இது ஏன் நடக்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. செகண்ட் ஃபோகல் பிளேனில் பவரை ஏற்றினாலும் இறக்கினாலும் ரெட்டிகிள் கண்ணுக்கு ஒரே அளவில் தெரியும், காட்சி மட்டும் பெரிதாகிச் சிறிதாகும். ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேனில் காட்சியோடு சேர்ந்து ரெட்டிகிளும் வளரும், சுருங்கும். இதை எல்லோரும் சொல்வார்கள். அடுத்த படியைத்தான் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 யார்டில் அது 1.047 இன்ச், கைக்கணக்குக்கு ஒரு இன்ச். இப்போது 6 பவரில் அரை எம்ஓஏ அளவுள்ள நடுப்புள்ளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 300 யார்டில் அது மறைப்பது ஒன்றரை இன்ச். 8 இன்ச் பிளேட் அதைச் சுற்றித் தாராளமாகத் தெரியும். செகண்ட் ஃபோகல் பிளேனில் வளையத்தை 1-க்குக் கொண்டுவந்தால் அதே புள்ளி டார்கெட்டில் 3 எம்ஓஏ அளவை மறைக்கும். கடைகளில் விற்கும் ரெட் டாட் பலவற்றில் புள்ளி 2 அல்லது 3 எம்ஓஏதான். ஆக, ஒரே புள்ளி தூரத்தில் ஊசிமுனை, கிட்டத்தில் நீங்கள் பழகிய ரெட் டாட். ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேனில் அரை எம்ஓஏ என்றால் 1 பவரிலும் அரை எம்ஓஏதான். அவசரத்தில் அது கண்ணில் படாது.

வடிவமைப்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன் ரெட்டிகிள்களில் நடுவைச் சுற்றிக் குதிரை லாடமோ உடைந்த வட்டமோ தடிமனாகப் போடுகிறார்கள். 1 பவரில் அந்த லாடமே சுருங்கி ஒரு பெரிய புள்ளி வேலையைப் பார்க்கும். பவர் ஏற ஏற அது விரிந்து ஒதுங்கி, உள்ளே மெல்லிய கோடுகள் வெளிப்படும். யோசனை நல்ல யோசனை. நன்றாகச் செய்திருந்தால், விளக்கும் பகல் வெயிலுக்கு ஈடுகொடுத்தால், வேலை செய்கிறது. நான் எறும்பைத் தேடிய ஸ்கோப்பில் லாடமும் இல்லை, விளக்குக்குத் தெம்பும் இல்லை. விலை உயர்ந்த புதிய 1-8, 1-10 ஸ்கோப்களில் இந்தக் குறை வெகுவாகக் குறைந்திருக்கிறது, நண்பர்களுடையதில் பார்த்திருக்கிறேன். உங்கள் பட்ஜெட்டில் கிடைப்பது அந்த ரகமா என்பதை வெயிலில் பார்த்துத்தான் சொல்ல முடியும், கடை டியூப்லைட் வெளிச்சத்தில் சொல்ல முடியாது.

செகண்ட் ஃபோகல் பிளேனுக்கும் ஒரு பொறி உண்டு. அதிலும் விழுந்திருக்கிறேன். அதில் கோடுகளின் அளவு ஒரே ஒரு பவரில்தான் சரி, பெரும்பாலும் உச்ச பவரில். பாதி பவருக்கு இறக்கினால் ஒவ்வொரு கோடும் இரண்டு மடங்கைக் குறிக்கும். ஒரு ஸ்டேஜில் 60 யார்டு டார்கெட்டுகளுக்காக 4-இல் வைத்தேன், அடுத்த இடத்துக்கு ஓடினேன், குப்புறப் படுத்தேன், 400 யார்டு பிளேட்டுக்கு 2 மில் கோட்டைப் பிடித்துச் சுட்டேன். வளையம் 4-லேயே இருந்தது. 6-இல் 2 மில்லாக இருக்கும் கோடு 4-இல் 3 மில். 400 யார்டில் ஒரு மில் என்றால் 14.4 இன்ச். பிளேட்டுக்கு மேலே கிட்டத்தட்ட ஒரு முழம் தள்ளிக் குண்டு போய்க்கொண்டே இருக்கிறது, பின்னால் மேடு வெகுதூரம் என்பதால் தூசியும் தெரியவில்லை. ஐந்து குண்டு. பின்னால் நின்ற ஸ்குவாட் (ஒன்றாகச் சுடும் குழு) நண்பர் "ஓவர், ஓவர்" என்று கத்தியது காதில் மாட்டியிருந்த மஃப்பைத் தாண்டி உள்ளே வரவில்லை. அன்றிலிருந்து ஒரே பழக்கம்: கோட்டைப் பிடித்துச் சுடும் தூரமா, பவர் வளையத்தின் லீவரைக் கடைசி வரை தள்ளு, இல்லையா, 1. நடுவில் எதுவும் கிடையாது. இந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் செகண்ட் ஃபோகல் பிளேனின் பெரிய குறை இந்த விளையாட்டில் குறையாகவே தெரியாது. நடு பவர்களில் சுட்டே தீருவேன் என்பவருக்கு அது குறைதான்.

அடுத்தது பிடிசி. தோட்டா எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு 300, 400, 500 என்று கோடு கிழித்துக் கொடுப்பது. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு ஒரு குறிப்பிட்ட குண்டு, ஒரு குறிப்பிட்ட வேகம், ஒரு குறிப்பிட்ட ஜீரோவுக்கானது (ஜீரோ என்றால் நடுப்புள்ளியிலேயே குண்டு விழும்படி சரிசெய்து வைத்த தூரம்). இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்க மரீன் படையின் ஏகாக் ஸ்கோப். ஒரே 5.56 தோட்டாவைச் சுடும் எம்16ஏ4-க்கு ஒரு ரெட்டிகிள், எம்4-க்கு வேறொரு ரெட்டிகிள் என்று இரண்டு மாடல் செய்தார்கள். வித்தியாசம் பேரல் நீளம்தான்: ஒன்று 20 இன்ச், மற்றது 14.5 இன்ச். பேரல் குட்டையானால் குண்டின் வேகம் குறையும், கோடு இடம் மாறும். உங்கள் 16 இன்ச் பேரலும் நீங்கள் வாங்கும் மலிவு 55 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டாவும் அந்தத் தாளில் அச்சடித்திருப்பதோடு ஒத்துப்போகும் என்று யார் சொன்னது? என் இரண்டாவது ஸ்கோப்பில் '400' என்று போட்டிருந்த கோடு என் ரைஃபிளுக்கு 370 யார்டில்தான் சரியாக இருந்தது. 300 வரை அந்தப் பிழை பிளேட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது; அதற்கு மேல் அடங்கவில்லை.

அதற்காக பிடிசியை ஒதுக்கச் சொல்லவில்லை. மூச்சிரைக்க ஓடிவந்து படுத்தவனுக்கு "மூன்றாவது கோடு" என்பது "ஒன்று புள்ளி ஒன்று மில்" என்பதைவிடச் சுலபமாக நினைவுக்கு வரும். இந்த விளையாட்டின் ஜாம்பவான் ஜெரி மிகுலெக் பெயரிலேயே, வோர்ட்டெக்ஸ் ரேஸர் 1-6-இல் ஜேஎம்-1 என்று ஒரு பிடிசி ரெட்டிகிள் வந்தது. காலியான, சுத்தமான நடுப்பகுதி, கீழே சில குறுங்கோடுகள், அவ்வளவுதான். அந்த ஸ்கோப்பும் செகண்ட் ஃபோகல் பிளேன்தான். காலேஸ் நிறுவனமும் தன் 1-6-க்கு 3ஜிஆர் என்று ஒரு ரெட்டிகிள் வைத்திருந்தது. போட்டிக்காரர்களை மனதில் வைத்துச் செய்தவற்றில் கோடு குறைவாகத்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பிடிசி எடுத்தால் செய்ய வேண்டியது ஒன்றே. ஒவ்வொரு கோடும் நடுவிலிருந்து எத்தனை எம்ஓஏ அல்லது மில் என்பதை மேனுவலில் போட்டிருப்பார்கள். கோட்டின் பக்கத்தில் உள்ள '300', '400' எல்லாவற்றையும் மறந்துவிட்டு அந்த எண்ணை எடுங்கள். உங்கள் குண்டின் வேகத்தைக் குரோனோகிராஃபில் அளந்து, கைபேசியில் இருக்கும் ஏதாவதொரு பாலிஸ்டிக் ஆப்பில் போட்டு, அந்தக் கோடு உங்கள் ரைஃபிளுக்கு எந்தத் தூரம் என்று கண்டுபிடியுங்கள். பிறகு நேரில் சுட்டு உறுதி செய்யுங்கள். ஆப் சொன்னது ஆப்போடு, ஸ்டீல் சத்தம் போட்டால்தான் கணக்கு. என் 18 இன்ச் பேரலில் 77 கிரெய்ன் குண்டு, 100 யார்டு ஜீரோ: 200-க்கு 0.4 மில், 300-க்கு 1.1, 400-க்கு 2. மூன்றே எண். மாஸ்கிங் டேப்பில் எழுதி ஸ்டாக்கில் ஒட்டியிருக்கிறேன். இவை என் ரைஃபிளின் எண்கள், உங்களுடையது நிச்சயம் வேறாக இருக்கும், காப்பியடிக்க வேண்டாம்.

மில்லா எம்ஓஏவா என்று சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு மில் 100 யார்டில் 3.6 இன்ச், 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். இரண்டும் கோண அளவுதான், ஒன்றில் அடிக்க முடிந்தது மற்றதில் முடியாமல் போகாது. உயரத்தை அடியிலும் எடையைக் கிலோவிலும் சொல்லி வளர்ந்த நமக்கு எதுவும் பழகும். இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். ரெட்டிகிளும் டரெட்டும் (குறியைச் சரிசெய்யும் திருகு) ஒரே அளவில் இருக்கட்டும். ரெட்டிகிள் மில், டரெட் எம்ஓஏ என்ற கலப்படம் இன்னும் விற்கிறது, வேண்டாம். அப்புறம், உங்கள் ஸ்குவாட் எதில் பேசுகிறதோ அதை எடுங்கள். முன்னால் சுட்டவர் "இடது பக்கம் அரை மில் பிடி" என்று சொல்லும்போது மனதுக்குள் 3.438-ஆல் பெருக்கிக்கொண்டு நிற்க முடியாது.

மரம் எதற்கு என்றால் காற்றுக்கும் தூரத்துக்கும் சேர்த்து, டரெட்டைத் தொடாமல், ஒரு புள்ளியைப் பிடித்துச் சுடுவதற்கு. 600, 800 யார்டு நிதானமாகச் சுடும் போட்டிகளில் அது அருமை. நம் மேட்சில் தூரத்து ஸ்டீல் பெரும்பாலும் 400-க்குள். அங்கே காற்று முக்கியமில்லை என்று சொல்லமாட்டேன். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 55 கிரெய்ன் குண்டை 300 யார்டில் ஏறக்குறைய ஒரு சாண் அளவுக்கு நகர்த்திவிடும், 8 இன்ச் பிளேட்டை முழுசாகத் தவறவிட அது போதும். ஆனால் அதற்கு நடுக்கோட்டிலேயே இரு பக்கமும் ஒன்றிரண்டு குறியிருந்தால் போதும். பிளேட்டின் அகலத்தையே அளவாக வைத்து "காற்று வரும் பக்கத்து ஓரம்" என்று பிடிப்பவர்களும் உண்டு, நானும் பாதி நேரம் அதைத்தான் செய்கிறேன். மரத்தில் உள்ள நூறு புள்ளிகளுக்கு வேறொரு தொல்லையும் இருக்கிறது: தவறிய குண்டு கிளப்பும் தூசி சரியாக அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால்தான் எழும். எங்கே விழுந்தது என்று பார்ப்பதற்கு எனக்குக் காலி இடம் வேண்டும்.

ஜீரோ பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ரெட்டிகிள் தேர்வோடு பின்னியிருக்கிறது. 55 கிரெய்ன் குண்டை 50 யார்டில் ஜீரோ செய்தால் 200 யார்டு பக்கம் மறுபடி நடுப்புள்ளிக்கே வந்துவிடும், இடையில் ஓரிரண்டு இன்ச்தான் உயரும். அதாவது 200, 225 வரை எந்தக் கோடும் வேண்டாம், நடுவைப் பிடித்து அடிக்கலாம். நான் 100-இல் வைத்திருப்பது எண்களைப் பழகியதால். புதிதாகத் தொடங்குபவருக்கு 50 நல்ல தேர்வு. எந்த ஜீரோ வைத்தாலும் கிட்டத்தில் ஒரு வம்பு உண்டு. ஏஆரில் ஸ்கோப் பேரலுக்கு இரண்டரை இன்ச் மேலே உட்கார்ந்திருக்கிறது. ஏழு யார்டில் குண்டு நீங்கள் பார்க்கும் இடத்துக்கு இரண்டு இன்ச்சுக்கு மேல் தாழ்ந்தே விழும். சுடக்கூடாத வெள்ளை நோ-ஷூட் அட்டைக்கு மேலே தலை மட்டும் எட்டிப்பார்க்கும் டார்கெட்டில் இதை மறந்தால் அபராதம்தான். ரெட் டாட்டிலேயே இதை நீங்கள் அனுபவித்திருப்பீர்கள்.

கண்ணைப் பற்றியும் பேச வேண்டும். எனக்கு வயது 46, கண்ணாடி போட்டவன், கொஞ்சம் ஆஸ்டிக்மாட்டிசமும் உண்டு. ரெட் டாட் எனக்குப் புள்ளியாகத் தெரியாது, வால் முளைத்த நட்சத்திரமாகத் தெரியும். ஸ்கோப்பில் கண்ணாடியில் பொறித்த ரெட்டிகிள் அப்படி இல்லை. கண்பக்கத்து டயாப்டர் வளையத்தைத் திருகிக் கூர்மையாக்கிக்கொள்ளலாம். வெற்று வானத்தைப் பார்த்து, ரெட்டிகிள் பளிச்சென்று தெரியும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, அங்கே ஒரு கோடு போட்டுவிடுங்கள். பலர் இதைச் செய்யாமலேயே "1-இல் காட்சி வளைகிறது" என்று ஸ்கோப்பைத் திட்டுகிறார்கள். இன்னொன்று, முன்லென்ஸ் 24 மில்லிமீட்டர் என்றால் 6 பவரில் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 4 மில்லிமீட்டர், 8-இல் 3. வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் ஒரு பீப்பாய்க்குப் பின்னால் கோணலாகக் குந்திக்கொண்டு, தலையைச் சரியாக வைக்க முடியாத நிலையில் அந்த ஒரு மில்லிமீட்டரின் அருமை புரியும்.

ஆக உங்கள் இரண்டில் நான் எடுப்பது 1-6 செகண்ட் ஃபோகல் பிளேன். அதே ஸ்கோப் பிடிசிக்குப் பதில் வெறும் மில் அல்லது எம்ஓஏ குறுங்கோடுகளோடு கிடைத்தால் அதை எடுங்கள்; கிடைக்காவிட்டால் பிடிசியே இருக்கட்டும், மேலே சொன்னபடி அளந்து கொள்ளலாம். நடுப்புள்ளியின் விளக்கு மத்தியான வெயிலில் தெரிய வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். உங்கள் மேட்சுகள் அடிக்கடி 500 தாண்டிப் போகுமென்றாலோ, இதே ரைஃபிளில் நீண்ட தூரமும் சுட ஆசை இருக்கிறது என்றாலோ என் பதில் மாறலாம். மேகம் கவிந்த ஒரிகான், வாஷிங்டன் பக்கம் சுடுபவர்களுக்கு விளக்கு பற்றி நான் சொன்னது இவ்வளவு கறாராகப் பொருந்தாது. நான் சுட்டதெல்லாம் இந்தப் பாலைவன வெளிச்சத்தில். .308 தோட்டா வைத்து ஹெவி மெட்டல் டிவிஷனில் சுடுபவர்களுக்கும் என் எண்கள் உதவாது.

வாங்கியதும் முதல் நாள் ஒரு சோதனை. யூஎஸ்பிஎஸ்ஏ அட்டையின் அகலம் ஏறக்குறைய 18 இன்ச். சரியாக 100 யார்டில் நிறுத்தி, ரைஃபிளை மணல் பைமேல் கிடத்தி, உச்ச பவரில் பார்த்தால் அட்டை 5 மில் அகலத்துக்குத் தெரிய வேண்டும். நான்கரை, ஐந்தரை என்று காட்டினால் உங்கள் ஸ்கோப்பின் '6' உண்மையில் 6 இல்லை, அல்லது கோடு சொன்ன அளவில் இல்லை. அந்த வித்தியாசத்தை எழுதி வைத்துக்கொண்டால் அதையும் வைத்துச் சுடலாம். தெரியாமல் இருந்தால்தான் தொல்லை. வீட்டில் பயிற்சிக்கு: தோட்டா எல்லாம் வேறு அறையில், சேம்பர் காலி என்று இரண்டு முறை பார்த்து, சுவரில் ஒரு லைட் சுவிட்சைத் தேர்ந்தெடுங்கள். கண்ணை மூடி, ரைஃபிளைத் தோளில் ஏற்றி, இரண்டு கண்ணையும் திறங்கள். திறந்த கணத்தில் புள்ளி சுவிட்சில் தெரிகிறதா, தேடுகிறீர்களா என்று பாருங்கள். ஒரு வாரம் செய்தாலே போதும், வாங்கியது சரியா தப்பா என்று தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால், காசு கொடுக்குமுன், அடுத்த ஞாயிறு மேட்ச் முடிந்து எல்லோரும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஸ்குவாடில் நான்கு பேரிடம் கேளுங்கள். ரேஞ்ச் ஆபீசரிடம் சொல்லிவிட்டு, சேஃப்டி மேசையில், சேம்பர் கொடி மாட்டிய ரைஃபிளில் பார்க்கத் தருவார்கள். இந்த விளையாட்டுக்காரர்களுக்குத் தன் ஸ்கோப்பைக் காட்டுவதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. தரும்போது 6-இலோ 8-இலோ வைத்துத்தான் தருவார்கள். வாங்கிய கையோடு வளையத்தை 1-க்குத் திருப்பிவிட்டு, மேசைக்கு எதிரே வெயில் விழும் மண்மேட்டைப் பாருங்கள்.